வாட்ச் செயினை யார் செய்தாங்க?

போன எபிசோடுல வாட்ச்சுக்குள்ள ஓடுற மெஷின் பத்திப் பேசினோம். அதைக் கேட்டுட்டு ஒரு நேயர் ஒற்றை வரியில மெயில் போட்டிருந்தார்: "மெஷின் எல்லாம் சரி அண்ணா, அந்த ஸ்டீல் செயினை யார் செய்றாங்க?"

ரொம்ப நல்ல கேள்வி. டயல்ல யார் பேர் இருக்கோ அவங்கதான் செயினையும் செய்திருப்பாங்கன்னு நாம எடுத்துக்கிறோம். இருபதாம் நூற்றாண்டோட பெரும்பகுதிக்கு அது உண்மை கிடையாது. மெஷின் ஒருத்தர், கேஸ் ஒருத்தர், டயல் ஒருத்தர், செயின் வேற ஒருத்தர். அந்தச் செயின்காரங்க பேர் பெரும்பாலும் வெளியே தெரியவே தெரியாது. அதனால இன்னிக்கு வாட்ச்சை விட்டுடுவோம். செயின் மட்டும்தான். ஜெனீவாவுல தொடங்கி, ஜெர்மனியில ஒரு எரிஞ்சுபோன ஊர் வழியா, அமெரிக்கா வரைக்கும் போகப்போறோம்.

முதல்ல பிரச்சினை என்னன்னு சொல்லிடறேன். ஒரு இன்ஜினியருக்கு இது அழகான பிரச்சினை. மணிக்கட்டு ஒரே அளவுல இருக்காது. ஆளுக்கு ஆள் வேற, அது போக ஒரே ஆளுக்கே காலையில ஒரு அளவு, மத்தியான வெயில்ல ஒரு அளவு. உப்பு அதிகமா சாப்பிட்டா இன்னொரு அளவு. தோல் ஸ்ட்ராப்புல இதுக்கு ஒரு எளிய வழி இருக்கு: வரிசையா ஓட்டை போட்டுடலாம், தோலும் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும். ஸ்டீல் வளையாது, நீளாது. அப்புறம் ஏன் ஸ்டீல்? வியர்வை. சென்னையில மே மாசம் தோல் ஸ்ட்ராப் கட்டினவங்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஒரே சீசன்ல நாற ஆரம்பிச்சிடும், அடுத்த சீசன்ல தையல் பிரிஞ்சிடும்.

ஆக கேள்வி இதுதான்: நீளாத ஒரு பொருளை வச்சு, நீண்டு சுருங்குற ஒரு கையை எப்படிச் சுத்தி வளைக்கிறது? இதுவரைக்கும் வந்த எல்லாச் செயினும் இந்த ஒரே கேள்விக்குக் கொடுத்த வேற வேற பதில்தான்.

கைக்கடிகாரம் பரவலானது முதல் உலகப் போர்லதான். அதுக்கு முன்னாடி ஆம்பளைங்கன்னா பாக்கெட் வாட்ச், அதுக்கு ஒரு சங்கிலி. பதுங்குகுழியில நிக்கிற சிப்பாய்க்குப் பாக்கெட்டுக்குள்ள கையை விட்டு மணி பார்க்க நேரம் இருக்காது, அதனால வாட்ச்சுக்கு ரெண்டு பக்கமும் கம்பி வளையம் பற்றவச்சு, தோல் பட்டையை மாட்டிக் கையில கட்டினாங்க. போர் முடிஞ்சது, பாக்கெட் வாட்ச் மெல்ல மறைய ஆரம்பிச்சது. இப்ப யோசிங்க: அதுவரைக்கும் பாக்கெட் வாட்ச்சுக்குச் சங்கிலி செய்துக்கிட்டிருந்த பட்டறைகள் என்ன பண்ணும்?

ஜெனீவாவுல 1835-ல தொடங்கின கே ஃப்ரேர் அப்படி ஒரு கம்பெனி. நகை வேலை, சங்கிலி வேலை. மார்க்கெட் மாறினதும் அவங்களும் மாறினாங்க, கைக்கடிகாரச் செயின் பக்கம் வந்தாங்க. பாடெக் ஃபிலிப், ரோலக்ஸ், ஓடெமார் பிகே, ஜெனித், ஹோயர்னு பின்னாள்ல அவங்க வாடிக்கையாளர் பட்டியல் இருக்கே, இன்னிக்கு வாட்ச் பைத்தியம் பிடிச்ச யாரைக் கேட்டாலும் கனவுன்னு சொல்ற பேர்கள் எல்லாம் அதுல இருக்கு. ஆனா கே ஃப்ரேர்னு சொன்னா எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு விஷயமும் சேர்ந்து நடந்தது. 1913-ல ஷெஃபீல்டுல ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத ஸ்டீலைக் கொண்டுவந்தார். 1920-கள்ல அதே ஊர்ல குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் கலந்த ஒரு வகை வந்தது, ஸ்டேபிரைட்னு பேர் வச்சு வித்தாங்க. அதுக்கு முன்னாடி மலிவான செயின்னா பித்தளை மேல முலாம். வியர்வையில முலாம் போச்சுன்னா கையில பச்சைக் கறை. வெள்ளியா இருக்கணும், இல்ல தங்கமா இருக்கணும். ஸ்டெயின்லெஸ் வந்த பிறகுதான் சம்பளக்காரன் கையில தினமும் போடக்கூடிய உலோகச் செயின்ங்கிறதே சாத்தியமாச்சு.

1930-கள்ல பிரிட்டன்ல பான்க்ளிப்னு ஒரு செயின் வந்தது. மூங்கில் ஏணியைச் சின்னதா செய்து படுக்க வச்ச மாதிரி இருக்கும். முனையில ஒரு கொக்கி. ஏணியோட எந்தப் படியில வேணும்னாலும் அந்தக் கொக்கியை மாட்டிக்கலாம். கருவி வேண்டாம், கடைக்குப் போக வேண்டாம், கண்ணி கழட்ட வேண்டாம். விமானி ஜாக்கெட் கைக்கு மேல கட்டணும்னா நாலு படி தள்ளி மாட்டிக்குவார். பிரிட்டிஷ் விமானப்படைக்கு ஐ.டபிள்யூ.சி செய்த மார்க் 11 வாட்ச்சுகூட இந்தச் செயினோடதான் கொடுக்கப்பட்டது. என்னைக் கேட்டா, இவ்வளவு குறைஞ்ச பாகங்களை வச்சு இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இதுவரைக்கும் யாரும் எழுதலை. ஆனா பார்க்க நகை மாதிரி இருக்காது. அதான் அதோட தலைவிதி.

நகை மாதிரியும் இருக்கணும், முரட்டுத்தனமாவும் இருக்கணும்னு வந்ததுதான் ரோலக்ஸோட ஆய்ஸ்டர் செயின். 1930-களோட கடைசியில அறிமுகம், 1947-ல பேட்டன்ட். ஒவ்வொரு வரிசையிலயும் மூணு தட்டையான துண்டு: நடுவுல அகலமா ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. நீங்க இன்னிக்கு எந்தக் கடையில எந்த பிராண்ட் ஸ்டீல் வாட்ச் எடுத்தாலும் பாதிக்குப் பாதி இந்த வடிவம்தான் இருக்கும், அந்த அளவுக்குக் காப்பி அடிக்கப்பட்டது. 1945-ல டேட்ஜஸ்ட் வாட்ச்சோட ஜூபிலி வந்தது, அது அஞ்சு துண்டு வரிசை. 1956-ல டே-டேட்டோட பிரசிடென்ட். ரோலக்ஸுக்காக இதையெல்லாம் செய்து கொடுத்ததுல முக்கியமான கை கே ஃப்ரேரோடது.

இந்த ஆய்ஸ்டர் உள்ளுக்குள்ள எப்படி மாறினதுன்னு பார்த்தா, வெளியே ஒரே மாதிரி தெரியற ஒரு பொருள் உள்ளே எத்தனை தடவை திருப்பி எழுதப்பட்டிருக்குன்னு புரியும். எங்க தொழில்ல இதை ரீஃபாக்டரிங்னு சொல்வோம். முதல் தலைமுறைக் கண்ணிகள் உள்ளே காலி. மெல்லிய ஸ்டீல் தகட்டை மடிச்சுப் பெட்டி மாதிரி பண்ணி, குறுக்கே கம்பி விட்டு, பக்கவாட்டுல ரிவெட் அடிச்சிருப்பாங்க. அந்த ரிவெட் தலைகள் பக்கத்துல வரிசையா புள்ளி மாதிரி தெரியும். அதுலயே உள்ளே ஸ்ப்ரிங் வச்சு இழுத்தா நீளுற ஒரு வகையும் உண்டு. அடுத்தது மடிப்புக் கண்ணி: ஒரே நீளத் தகட்டை மேல மேல மடிச்சு அடுக்கினது, பக்கவாட்டுல பார்த்தா அந்த அடுக்கு தெரியும். 1970-களோட நடுவுலதான் முழுத் திட ஸ்டீல்ல கண்ணி வர ஆரம்பிச்சது. அப்பவும் செயின் கேஸோட சேர்ற இடத்துல இருக்கிற வளைஞ்ச முனைத்துண்டு காலித் தகடுதான். லாக் அதுக்கும் பிறகு பல வருஷம் அச்சுல அடிச்ச தகடாவே இருந்தது. சப்மரைனர் வாட்ச்சுக்குக் கனமான, திட ஸ்டீல்ல கடைஞ்ச லாக் வர 2010 ஆச்சு. அவ்வளவு விலை கொடுத்து வாங்கின வாட்ச்சுல, சாப்பாட்டு டப்பா மூடி மாதிரி ஒரு லாக்!

ஆனா அந்தப் பழைய தகட்டுச் செயினுக்குத்தான் இன்னிக்கு ரசிகர்கள் அதிகம். காரணம் எடை. கையில இருக்கிறதே தெரியாது. ஆட்டினா ஜிலுஜிலுன்னு ஒரு சத்தம். புதுச் செயின் உறுதியானது, ஆனா சாயங்காலம் ஆறு மணிக்குக் கையைக் கழட்டி வச்சா தேவலைன்னு இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. இறக்குமதித் தீர்வையை மிச்சப்படுத்த, சில நாடுகளுக்கு வாட்ச் மட்டும் சுவிட்சர்லாந்துலேர்ந்து போகும், செயின் உள்ளூர்லயே செய்யப்படும். அப்படி அமெரிக்காவுல செய்த ஆய்ஸ்டர், மெக்சிகோவுல செய்த ஜூபிலி எல்லாம் உண்டு. பார்க்கக் கொஞ்சம் வித்தியாசமா இருக்கும். போலியான்னு கேட்டா, இல்லை. அசலான்னு கேட்டா, அசல்ங்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு திருப்பிக் கேட்கணும்.

சரி, இப்ப ஜெர்மனி. இந்த எபிசோடுல என்னை ரொம்ப நேரம் பிடிச்சு வச்ச பகுதி இதுதான்.

கறுப்புக் காடுன்னு சொல்ற மலைப்பகுதியோட வடக்கு ஓரத்துல ஃபோர்ட்ஸ்ஹைம்னு ஒரு ஊர். 1767-ல அந்தப் பகுதியை ஆண்ட கார்ல் ஃபிரீட்ரிக், ஊர்ல இருந்த அநாதை விடுதியில ஒரு கடிகாரத் தொழிற்சாலை தொடங்க அனுமதி கொடுத்தார். வேலை செய்தது அந்த விடுதிப் பிள்ளைகள். வேலைவாய்ப்பா, சுரண்டலான்னு நீங்களே பட்டிமன்றம் வச்சுக்கலாம். கடிகாரத்தோட நகைத் தொழிலும் வந்தது, நகைதான் வேர் பிடிச்சது. நூறு நூத்தைம்பது வருஷத்துல ஊருக்குப் பேரே தங்க நகரம்னு ஆயிடுச்சு. தெருவுக்குத் தெரு பட்டறை. சங்கிலி பின்ற மெஷின், மெல்லிய கம்பியை வலை மாதிரி நெய்யற மெஷின் எல்லாம் அங்கே வந்தது. ஆப்பிள் வாட்ச்சுல மிலானீஸ்னு ஒரு வலைச் செயின் பார்த்திருப்பீங்க, பேர்ல மிலான் இருந்தாலும் அந்த வலை நெசவை மெஷின்ல ஏத்தி உலகத்துக்கு வித்ததுல ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் பெரிய பங்கு. இன்னிக்கும் ஸ்டைப் மாதிரி கம்பெனிகள் அங்கேயிருந்து பெரிய பிராண்டுகளுக்கு நெய்து கொடுக்குது.

நுணுக்கமான கைகள் நிறைய இருக்கிற ஊருக்குப் போர்க்காலத்துல என்ன வேலை வரும்? துல்லியக் கருவிகள், குண்டுகளுக்கான சின்னச் சின்ன பாகங்கள். அதெல்லாம் பெரிய ஃபேக்டரியில இல்லை, வீட்டோட ஒட்டின சின்னப் பட்டறைகள்ல. அதனால அந்த ஊரே இலக்குப் பட்டியல்ல வந்தது. 1945 பிப்ரவரி 23, ராத்திரி எட்டு மணி வாக்குல பிரிட்டிஷ் விமானங்கள் வந்தன. தாக்குதல் நடந்தது 22 நிமிஷம். செத்தது சுமார் 17,600 பேர். 80,000 பேர்கூட இல்லாத ஊர் அது. கட்டடங்கள்ல ஐந்துல நாலு பங்குக்கு மேல போச்சு. ட்ரெஸ்டனைப் பத்தி எல்லாரும் பேசறோம், அதுக்குப் பத்து நாள் கழிச்சு நடந்த இதைப் பத்திப் பேசறது குறைவு. இடிபாடுகளை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டின மேடு வால்பெர்க்ங்கிற பேர்ல இன்னிக்கும் ஊருக்கு வெளியே நிக்குது. இன்னிக்குப் பார்க்கிறவங்களுக்கு அது புல் முளைச்ச ஒரு குன்று.

அந்த ஊர்லேர்ந்து, அதுவும் போர் முடிஞ்சு பத்து வருஷத்துக்குள்ள, வாட்ச் செயினோட வரலாற்றிலேயே ரொம்பப் புத்திசாலித்தனமான மெக்கானிசம் வெளியே வந்தது. ரோடி உண்ட் வீனன்பெர்கர்னு 1885-ல தொடங்கின ஒரு ஃபோர்ட்ஸ்ஹைம் கம்பெனி. செயினோட பேர் ஃபிக்ஸோஃப்ளெக்ஸ்.

நீங்க இதைக் கண்டிப்பா பார்த்திருக்கீங்க. எங்க தாத்தா கையில இருந்த எச்.எம்.டி-யில இந்த மாதிரி செயின்தான். வீட்டுல ஸ்ப்ரிங் செயின்னு சொல்வோம். லாக் கிடையாது. அஞ்சு விரலையும் குவிச்சு உள்ளே விட்டா விரிஞ்சு உள்ளே போகும், மணிக்கட்டுல சுருங்கிப் பிடிச்சுக்கும்.

எப்படி வேலை செய்யுது? மேல ஒரு வரிசை குட்டிப் பெட்டிகள், கீழே ஒரு வரிசை குட்டிப் பெட்டிகள். செங்கல் சுவர் மாதிரி, மேல் வரிசையோட இடைவெளிக்கு நேர் கீழ்ப் பெட்டி வரும். யு வடிவத்துல வளைச்ச குட்டிக் கம்பிகள், நாம பேப்பர்ல அடிக்கிற ஸ்டேப்ளர் பின் மாதிரி, ரெண்டு ஓரத்துலேர்ந்தும் மேல் பெட்டியையும் கீழ்ப் பெட்டியையும் சேர்த்துக் கோத்திருக்கும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் வில் மாதிரி வளைஞ்ச ஒரு தகட்டு ஸ்ப்ரிங், அந்தக் கம்பியை அழுத்திக்கிட்டே இருக்கும். செயினை இழுத்தா கம்பிகள் சாயும், பெட்டிகள் விலகும், ஸ்ப்ரிங் அமுங்கும். விட்டா எல்லாம் பழையபடி நிமிரும். ஒவ்வொரு பெட்டியும் நகர்றது துளியூண்டுதான். முப்பது நாற்பது துளி சேர்ந்தா ஒரு உள்ளங்கை நுழையற இடம். கணக்கு அவ்வளவுதான். ஆனா அது நீட்டவும் செய்யும், முறுக்கவும் செய்யும், எந்தப் பக்கமும் வளையும்.

இதை அமெரிக்காவுல வித்தது ஸ்பைடல். ரோட் ஐலண்ட் மாநிலத்துல பிராவிடன்ஸ்ங்கிற ஊர், அமெரிக்காவோட நகைத் தொழில் மையம். ஸ்பைடல் குடும்பத்தோட பூர்வீகம் எதுன்னு நினைக்கிறீங்க? அதே ஃபோர்ட்ஸ்ஹைம். 1959-ல ட்விஸ்ட்-ஓ-ஃப்ளெக்ஸ்னு பேர் வச்சாங்க. டிவி விளம்பரத்துல செயினை எடுத்துக் கயிறு மாதிரி முடிச்சுப் போட்டுக் காட்டுவாங்க, அவிழ்த்தா அப்படியே நேராகும். ஒரு தலைமுறை அமெரிக்க அப்பாக்கள் கையில இதுதான்.

கடைக்காரர் பக்கத்துலேர்ந்து பார்த்தா இதோட மகிமை இன்னும் புரியும். வாட்ச்சோட ரெண்டு கொம்புக்கு நடுவுல இருக்கிற அகலம் 16 மில்லிமீட்டரா, 18-ஆ, 20-ஆன்னு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. இந்தச் செயின்ல முனையே உள்ளே வெளியே நகர்ந்து பல அகலத்துக்குப் பொருந்தற மாதிரி பண்ணினாங்க. ஒரே சரக்கு, நிறைய வாட்ச், நிறைய கை. நீளம் குறைக்கணும்னா பெட்டியோட சின்ன மடிப்பை நிமிர்த்தி, ஓரக் கம்பியை உருவி, வேண்டாத பெட்டிகளை எடுத்துட்டுத் திருப்பிக் கோத்துடலாம். விரல் மடங்காத வயசானவங்களுக்கு இதைவிட வசதியான செயின் கிடையாது.

குறைன்னு பார்த்தா, கை முடியைப் பிடுங்கும். இது உலகப் பொதுவான புகார். அப்புறம் அந்தப் பெட்டிகளுக்குள்ள போய்ச் சேர்ற அழுக்கு. பழைய ஸ்ப்ரிங் செயின் ஒண்ணை வெந்நீர்ல சோப்பு போட்டு ஊறவச்சுப் பாருங்க, அந்தத் தண்ணி நிறத்தை நான் இங்கே வர்ணிக்கலை.

வாட்ச் பிரியர்கள் இந்தச் செயினை மதிக்கிறதில்லை. கிழவன் செயின்னு ஒதுக்கிடுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. ஆய்ஸ்டர் பணக்காரத்தனமா தெரியறதால அதைக் கொண்டாடுறோம். ஆனா மணிக்கட்டு மாறிக்கிட்டே இருக்குங்கிற அசல் பிரச்சினையை நேருக்கு நேர் எதிர்கொண்டது ஃபிக்ஸோஃப்ளெக்ஸ்தான்.

சரி, கண்ணி கழட்டுற விஷயத்துக்கு வருவோம். பாரிமுனை நடைபாதையில குடைக்குக் கீழ உட்கார்ந்திருக்கிற வாட்ச் ரிப்பேர் அண்ணன்கிட்ட செயினைக் கொடுத்தா ரெண்டு நிமிஷத்துல ரெண்டு கண்ணி எடுத்துக் கொடுப்பார். அவர் என்ன பண்றார்? செயினோட உள்பக்கம் சில கண்ணிகள்ல மட்டும் குட்டி அம்புக்குறி இருக்கும். அதெல்லாம் கழட்டக்கூடிய கண்ணி. அம்பு காட்டுற திசையில பின்னைத் தள்ளணும், திரும்பப் போடும்போது எதிர்த்திசையில. பெரும்பாலும் அது கம்பியை ரெண்டா மடிச்ச பின், அதோட சொந்த இறுக்கத்துலயே நிக்கும். சீக்கோவோட பல வாட்ச்சுகள்ல பின்னும் ஒரு குட்டிக் குழலும் தனித்தனியா இருக்கும். பின்னைப் பிடிச்சு வச்சிருக்கிறதே அந்தக் குழல்தான், கண்ணியை விலக்கினதும் அது கீழே விழும், சின்ன எறும்பு சைஸ். தரையில விழுந்தா தேடவே முடியாது. வீட்டுல முயற்சி பண்றவங்க வெள்ளைத் துணி விரிச்சு உட்காருங்க. விலை கூடின செயின்ல திருகாணி இருக்கும், கழண்டுடாம இருக்க மரைக்கு ஒரு சொட்டுப் பசை விட்டிருப்பாங்க, கொஞ்சம் சூடு காட்டாம திருகினா தலை சிதைஞ்சிடும். எடுத்த கண்ணியைத் தூக்கிப் போடாதீங்க மக்களே. பத்து வருஷம் கழிச்சு நம்ம கை இதே சைஸ்ல இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை.

"என் பழைய செயின் நீண்டுடுச்சு"ன்னு சொல்வாங்க. ஸ்டீல் எங்கே நீளப்போகுது? வியர்வை, தூசி, மணல் மூணும் சேர்ந்து கண்ணிக்கும் பின்னுக்கும் நடுவுல ஒரு உப்புத்தாள் பசை மாதிரி ஆயிடும். கை அசையற ஒவ்வொரு தடவையும் அது தேய்க்கும். பின் மெலியும், வட்ட ஓட்டை முட்டை வடிவம் ஆகும். ஒரு மூட்டுக்கு 0.1 மில்லிமீட்டர் தேய்ஞ்சா, 20 மூட்டுல 2 மில்லிமீட்டர். அதான் நீளம். தங்கம் மெதுவானதுங்கிறதால இது சீக்கிரம் நடக்கும், சின்னத் துண்டுகள் நிறைய இருக்கிற ஜூபிலியில நல்லாவே தெரியும். இப்ப ரோலக்ஸ் பிரசிடென்ட் செயின் கண்ணிக்குள்ள பீங்கான் குழல் வைக்கிறாங்க, உலோகமும் உலோகமும் உரசாம இருக்க. தேய்ஞ்ச பழைய செயினை லேசர் வெல்டிங்ல ஓட்டையை நிரப்பி, புதுசா துளை போட்டுச் சரிபண்ற கைவினைஞர்களும் இருக்காங்க. ஆனா செலவு பயங்கரம். மாசத்துக்கு ஒரு தடவை பழைய டூத்பிரஷ், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணி. இது இலவசம்.

கடலுக்குள்ள போறவங்களுக்கு இந்தப் பிரச்சினை இன்னும் விசித்திரமா வரும். நீச்சல் உடையோட ரப்பர்ல காத்துக் குமிழ்கள் இருக்கு. பத்து மீட்டர் ஆழத்துலயே அழுத்தம் தரையில இருக்கிறதை விட ரெண்டு மடங்கு. குமிழ் சுருங்கும், உடை மெலியும், மேல கட்டின செயின் தளர்ந்து சுத்தும். மேல வரும்போது திரும்ப இறுகும். அதுக்காக லாக்குக்குள்ள மடிச்சு வச்ச எக்ஸ்டென்ஷன், அப்புறம் ரோலக்ஸோட க்ளைட்லாக்னு 2 மில்லிமீட்டர் 2 மில்லிமீட்டரா நகர்த்துற பல்வரிசை, 2012-ல டியூடர் பெலாகோஸ்ல தானாவே நீண்டு சுருங்குற ஸ்ப்ரிங் லாக். இதுல அழகு என்னன்னா, இந்த ஏற்பாட்டை இன்னிக்குக் கடலைப் பார்க்காத ஆளுங்கதான் அதிகமா பயன்படுத்தறோம், மத்தியானம் மூணு மணிக்கு, ஏசி இல்லாத ஷேர் ஆட்டோவுல.

1972-க்கு வருவோம். ஓடெமார் பிகேக்காக ஜெரால்ட் ஜென்டா வரைஞ்ச ராயல் ஓக். ஒரே ராத்திரியில வரைஞ்சார்னு கதை. ஸ்டீல் வாட்ச்சுக்குத் தங்க வாட்ச்சை மிஞ்சின விலை வச்சாங்க. அதுல கேஸ் எங்கே முடியுது, செயின் எங்கே தொடங்குதுன்னு சொல்ல முடியாது. ரெண்டும் ஒரே வரைபடம். செயின் லாக் வரைக்கும் படிப்படியா குறுகிக்கிட்டே போகும், ஒரு கண்ணி இடத்துல இன்னொண்ணைப் போட முடியாது. அத்தனை கண்ணிக்கும் அத்தனை விளிம்புக்கும் கையால பாலிஷ். அதைச் செய்து கொடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? திரும்பவும் கே ஃப்ரேர்தான். ஜென்டா பேர் எல்லாருக்கும் தெரியும். அந்த வரைபடத்தை ஸ்டீல்ல கொண்டுவந்தவங்க ஒருத்தர் பேரும் நமக்குத் தெரியாது.

இதை நான் ரசிக்கிறேன், அதே நேரம் எரிச்சலும் வருது. 20 மில்லிமீட்டர் அகலம், ரெண்டு கொம்பு, நடுவுல ஒரு ஸ்ப்ரிங் பின்: இது ஒரு திறந்த ஏ.பி.ஐ. யார் வேணும்னாலும் அதுக்குச் செயின் செய்யலாம், தோல் போடலாம், துணி போடலாம். ஒட்டிப் பிறந்த செயின்ல அந்தக் கதவு மூடிடுது. செயின் தேய்ஞ்சா அதே கம்பெனிகிட்டதான் போகணும், அவங்க சொல்ற விலைதான். ரேமை போர்டோட பற்றவச்ச லேப்டாப்பை 1972-லயே கண்டுபிடிச்சுட்டாங்க.

நம்ம ஊர்ல செயின் வாட்ச்ங்கிறது வேற ஒரு அர்த்தம் எடுத்தது. டாடாவும் தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து ஓசூர்ல தொடங்கினதுதான் டைட்டன். பேர்லயே டாடா இண்டஸ்ட்ரீஸும் தமிழ்நாடும் இருக்கு. வாட்ச்சைப் பரிசுப் பொருளா, நகையா வித்தது அவங்க. மாப்பிள்ளைக்குத் தங்க நிறச் செயின் வாட்ச்ங்கிற வழக்கம் அந்தக் காலத்துல ஊன்றினது. முலாம் எப்பவும் முதல்ல போறது கண்ணியோட விளிம்புலதான், உரசற இடம் அது. எங்க அப்பா வாட்ச்சுல எந்தக் கண்ணி மேசையில உரசிச்சுன்னு பார்த்தாலே தெரியும், இடது கையை எப்படி வச்சு எழுதுவார்னு.

நிக்கல் பத்திச் சொல்லாம போக முடியாது. என் டீம்ல ஒருத்தங்க மலிவான ஒரு செயின் வாட்ச் வாங்கிக் கட்டினாங்க, ஒரே வாரத்துல மணிக்கட்டைச் சுத்திச் சிவந்து தடிச்சு, வளையல் போட்ட மாதிரி அரிப்பு. வியர்வை நிக்கலைக் கரைச்சுத் தோலுக்குள்ள அனுப்பும், ஒரு தடவை ஒவ்வாமை வந்துட்டா பெரும்பாலும் அது ஆயுளுக்கும் கூட வரும். நல்ல 316 எல் ஸ்டீல்ல நிக்கல் 10 சதவீதத்துக்கு மேல இருக்கு, ஆனா உலோகத்துக்குள்ள கட்டுப்பட்டு இருக்கிறதால வெளியே வர்றது ரொம்பக் கம்மி. முலாம் போட்ட மட்டமான கலவையிலதான் ஆபத்து. டென்மார்க் 1990-லயே இதுக்குச் சட்டம் போட்டது. 1994-ல ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வச்சது: தோலோட ஒட்டுற பொருள்லேர்ந்து ஒரு வாரத்துல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல நிக்கல் வெளியேறக் கூடாது. எவ்வளவு நிக்கல் இருக்குன்னு கேட்காம, எவ்வளவு வெளியே வருதுன்னு கேட்டாங்க பாருங்க, அது சரியான அளவீடு. ஒவ்வாமை இருக்கிறவங்க டைட்டானியம் பாருங்க. 1970-ல சிட்டிசன் கொண்டுவந்த எக்ஸ்-8 தான் முதல் டைட்டானிய வாட்ச்.

கடைசியா, மாத்துறவங்க. 1996-லேர்ந்து 2019 வரைக்கும் விற்ற சீக்கோ எஸ்.கே.எக்ஸ் 007-ஐ வச்சு ஒரு உலகமே இருக்கு. அதோட வர்ற ஜூபிலி மாதிரிச் செயின் லேசானது, முனைத்துண்டு காலித் தகடு. அதைக் கழட்டிட்டுத் திட முனையோட வேற செயின் போடுவாங்க. 22 மில்லிமீட்டர்னு ரெண்டுலயும் எழுதியிருந்தாலும் முனைத்துண்டோட வளைவு கேஸோட வளைவுக்கு ஒத்துப்போகணும். ஒரு மயிரிழை கூடினா உள்ளே போகாது, குறைஞ்சா ஆடும். கூடினதை அரத்தால கொஞ்சம் கொஞ்சமா ராவி ராவிச் சேர்ப்பாங்க. சீக்கோ டைவர் வாட்ச்சுல ஸ்ப்ரிங் பின் 2.5 மில்லிமீட்டர் தடிமன், சாதாரணப் பின்னை விட நல்ல தடிப்பு. மெல்லிய பின்னைப் போட்டா செயின் தொங்கும், ஒரு நாள் வாட்ச் கழண்டு விழும்.

1998-ல ரோலக்ஸ் கே ஃப்ரேரை மொத்தமா வாங்கிடுச்சு. அதோட மத்த பிராண்டுகளுக்கு அந்தக் கை கிடைக்காம போச்சு, ஒவ்வொருத்தரும் வேற இடம் தேட வேண்டியதாச்சு. பழைய செயின்கள் ஏலத்துல வாட்ச் இல்லாம தனியா விலை போக ஆரம்பிச்சது. அந்தக் காலத்து ரோலக்ஸ் லாக்கோட உள்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில பார்த்தீங்கன்னா பலதுல ஒரு சின்ன எண் அடிச்சிருக்கும். 4, பக்கத்துல 67. அப்படின்னா 1967-ம் வருஷத்தோட நாலாவது காலாண்டு. வாட்ச் 1962-ல செய்ததா இருக்கும். ஏலக்காரங்களுக்கு அது ஒரு குறை, விலையைக் குறைப்பாங்க. நடுவுல அஞ்சு வருஷம் யாரோ ஒருத்தர் அந்த வாட்ச்சைத் தினமும் கட்டி, முதல் செயினைத் தேய்ச்சே தீர்த்து, கடைக்குப் போய்ப் புதுசு மாட்டியிருக்கார்.